வாயைத் திறக்க வைத்த நாற்காலி

அவளுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டையைத் தவிர அது வேறெங்கும் புழங்கவில்லை. தெருவில் அவள் பரவால்லக்கா. பேருந்தில் யாராவது காலை மிதித்தாலும், வரிசையில் முந்திக்கொண்டு போனாலும், காய்கறிக் கடையில் அழுகின தக்காளியைப் பையில் தள்ளிவிட்டாலும் அவள் வாயிலிருந்து வருவது அந்த ஒரே சொல்தான். "பரவால்ல."

ஓட்டலில் கேட்டது ஒன்று, வந்தது வேறொன்று என்றால் வந்ததையே சாப்பிட்டு, நன்றாக இருந்தது என்றும் சொல்லிவிட்டு வருவாள். செருப்புக் கடைக்காரர் மேல் அலமாரியிலிருந்து அத்தனை பெட்டிகளை இறக்கிக் காட்டினாரே என்று, காலைக் கடிக்கிற ஜோடியை வாங்கி வந்து ஒரு மழைக்காலம் முழுக்க நொண்டியிருக்கிறாள். அவள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கும் கல்யாணப் படத்தைப் பார்த்தாலே ஆள் எப்படி என்று புரிந்துவிடும். மாப்பிள்ளை பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் மணப்பெண் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். "கண்ணை மூடிட்டீங்களேம்மா, இன்னொண்ணு எடுத்துடலாமா?" என்று போட்டோக்காரர் கேட்டதற்கு அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

தொழிலில் மட்டும் அவள் கறார். முடி வெட்டுவதும், தலை கழுவிச் சாயம் போடுவதும்தான் வேலை. கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டால் ஒரு முடி நீளம், ஒரு முடி குட்டை என்று விடமாட்டாள். கடைத்தெருவில் இருந்த பெரிய பார்லரில் பல வருடம் வேலை பார்த்தாள். முதலாளியம்மா கடையை மூடிவிட்டு மகளோடு போய் இருக்கப் போகிறேன் என்றபோது, வாடிக்கையாகத் தலையைக் கொடுத்து வந்தவர்கள் எல்லோரும் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். "நீ எங்க கடை போடறியோ அங்க வந்துடறோம். எங்களைக் கை விட்டுடாத."

வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், மருந்துக் கடையை ஒட்டி ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. முன்பு அது ஜெராக்ஸ் கடை. மெஷின் நின்ற இடத்தில் மட்டும் சுவர் பளிச்சென்று இருந்தது. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்து அவரே சுவருக்குப் பெயின்ட் அடித்தார், நீளக் கண்ணாடி மாட்டினார், தலை கழுவும் தொட்டியைப் பொருத்திக் குழாய் இழுத்தார். எல்லாம் வந்துவிட்டது. தலையைக் கொடுப்பவர்கள் உட்கார நாற்காலிதான் இல்லை. சாய வேண்டும், சுழல வேண்டும், ஏறி இறங்க வேண்டும். புதிதாக வாங்கப் போனால் விலை மலையாக நின்றது.

அவளுடைய தங்கைதான் வழி சொன்னாள். தங்கை ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை செய்கிறாள். அக்காவுக்கு எவ்வளவு பொறுமையோ அவ்வளவுக்கவ்வளவு இவளுக்கு வாய். "அக்கா, ஆன்லைன் ஏலத்துல பாரு. மூடின கடை, ஆபீஸ் சாமான் எல்லாம் வரும். பாதி விலைக்கு அள்ளிட்டு வந்துடலாம்."

அப்படித்தான் அந்த நாற்காலி கண்ணில் பட்டது. வெளிர் பச்சை. தலைக்குத் திண்டு, நல்ல தடிமனான மெத்தை. படத்தில் அதன் பக்கத்தில் எதன் மேலோ ஒரு துணி போர்த்தியிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. கீழே எழுதியிருந்தது: "சலூன், பார்லருக்கு ஏற்ற நாற்காலி. சாயும், ஏறி இறங்கும். எல்லாம் நன்றாக வேலை செய்யும்."

ஏலம் முடிகிற நேரத்தில் மூன்று பேரும் அடுப்படி மேடையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு நின்றார்கள். முகம் தெரியாத யாரோ ஒருவர் விலையை ஏற்றிக்கொண்டே வந்தார். இவள் விரல் தயங்கியது.

"பாவம், அவங்களுக்கு என்ன அவசரமோ. விட்டுடலாமா?"

"ஏலத்துல யாருக்காவது பாவம் பார்ப்பாங்களா?" என்று தங்கை போனைப் பிடுங்கித் தானே அழுத்தினாள். திரையில் வாழ்த்துகள் என்று வந்தது. கணவர் கைதட்டினார். எதிரே விலை ஏற்றியவருக்குத்தான் அன்றைக்கு நல்ல நேரம்.

பெட்டி வந்து இறங்கியபோது மருந்துக் கடைக்காரர் முதல் கொண்டு பலரும் வேடிக்கை பார்க்க நின்றார்கள். பலகையைப் பெயர்த்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக் கிழித்ததும் கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. ஆளை நீட்டிப் படுக்க வைக்கிற அளவுக்கு நாற்காலி நீண்டு கிடந்தது. ஒரு பக்கம் மடங்கி நீளும் இரும்புக் கை, அதன் நுனியில் வட்ட விளக்கு. இன்னொரு பக்கம் வெள்ளைப் பீங்கானில் ஒரு சின்னக் கிண்ணத்தொட்டி.

லாரியில் வந்தவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அக்கா, நீங்க பல் டாக்டரா?"

"இல்லைங்க. முடி வெட்டறேன்."

"அப்ப இது பல்லு புடுங்கற நாற்காலிங்க. போன மாசம்தான் இதே மாதிரி ஒண்ணுல படுத்து எந்திரிச்சேன்." அவர் வாயை அகலத் திறந்து, பல் இருந்த இடத்தைச் சான்றாகக் காட்டினார்.

தங்கை ஆபீசிலிருந்து வீடியோவில் பார்த்துவிட்டுக் கத்தியதில் போனே அதிர்ந்தது. "திருப்பி அனுப்புக்கா! உடனே ஏத்தச் சொல்லு!"

இவள் தொப்பிக்காரரையும் அவரோடு சுமந்து இறக்கிய இன்னொருவரையும் பார்த்தாள். வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. அத்தனை கனத்தை இறக்கியவர்களிடம் மறுபடி ஏற்றுங்கள் என்று எப்படிச் சொல்வது? "பரவால்லடி. தலை சாயணும், அவ்வளவுதான? இதுவும் சாயுதே" என்று சொல்லி, அவர்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

கணவருக்கோ நாற்காலியைப் பார்த்த மாத்திரத்தில் காதல். அடியில் புகுந்து பம்பைப் பார்த்தார், எண்ணெய்க் குழாயைத் தடவினார். "என்ன வேலைப்பாடு தெரியுமா? எங்க லிஃப்ட் கம்பெனிக்காரன் பார்த்தா அழுவான்" என்றார். ஞாயிற்றுக்கிழமை அதில் நீட்டிப் படுத்து, வட்ட விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு பேப்பர் படித்தார். வீட்டுக்கு வாங்க என்று அவள் கூப்பிட்டபோது, இன்னும் கொஞ்ச நேரம் என்று கெஞ்சினார்.

வாடிக்கையாளர்கள்தான் பாடுபட்டார்கள். வந்து உட்காருவார்கள்; அவள் திண்டைச் சாய்ப்பாள்; அவர்கள் தங்களை அறியாமலே வாயைத் திறந்துவிடுவார்கள். "வாய மூடிக்கோங்க, முடிதான் வெட்டப் போறேன்" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே வாய் வலித்தது. வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண், கண்ணாடியில் தன்னையும் அந்த விளக்கையும் பார்த்ததும், இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்து போய்விட்டாள். அம்மாவோடு வந்த ஒரு குழந்தை வாசற்படியிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறியது. தலை கழுவவும் வழியில்லை. நாற்காலியின் நீளத்துக்குத் தொட்டி எட்டவில்லை. ஆளை எழுப்பி, ஈரத் தலையோடு ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துக் கழுவ வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு பரவாயில்லை கைவசம் இருந்தது.

டீச்சரம்மா வந்த அன்றுதான் அது தீர்ந்துபோனது.

டீச்சரம்மா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. பெரிய பார்லரில் இவள் முதன்முதலாகத் தனியாகக் கத்தரி பிடித்ததே அவர் தலையில்தான். முட்டி வலி உள்ளவர். இருந்தும் ஆட்டோ பிடித்துப் புதுக் கடைக்கு வந்துவிட்டார். சாயம் பூசி, ஊற வைத்து, நாற்காலியைக் கொஞ்சம் உயர்த்தலாம் என்று இவள் காலால் விசையை அழுத்தினாள். நாற்காலி ஏறியது. விசையிலிருந்து காலை எடுத்தாள். அப்போதும் ஏறியது. ஏறி, உச்சியில் போய் ஒரு முனகலோடு நின்றுவிட்டது. இறங்கு விசையை மிதித்தாள், உதைத்தாள், கெஞ்சினாள். அசையவில்லை.

"என்னம்மா, இன்னைக்கு இவ்வளவு உயரத்துல வச்சு வெட்டப் போறியா?" என்று டீச்சரம்மா மேலேயிருந்து கேட்டார். அந்த முட்டியோடு குதிக்கவும் முடியாது. தலையில் சாயம் ஊறிக்கொண்டே இருந்தது.

இவள் கணவருக்குப் போன் செய்தாள். அவர் எங்கேயோ ஒரு கட்டடத்தில் லிஃப்டைப் பிரித்துப் போட்டிருந்தார். எண்ணெய்க் கையோடு ஓடி வந்து, அடியில் படுத்து எதையெதையோ திருகினார். "லிஃப்டுல மாட்டினவங்கள இறக்கியிருக்கேன் டீச்சர். நாற்காலியில மாட்டினவங்கள இறக்கறது இதுதான் முதல் தடவ" என்றார். ஒருவழியாகச் சீறிக்கொண்டு நாற்காலி இறங்கியது. அதற்குள் நேரம் கடந்துவிட்டது. கருகருவென்று வரவேண்டிய தலை கத்தரிப்பூ நிறத்துக்கு வந்திருந்தது. மேலே அண்ணாந்தே இருந்ததில் கழுத்தும் பிடித்துக்கொண்டது.

டீச்சரம்மா கண்ணாடியில் தன் தலையைப் பார்த்தார். கழுத்தைத் தடவிக்கொண்டார். "பரவால்லம்மா" என்றார்.

இவள் கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்தாள். வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை. மனசு வருத்தப்படக் கூடாதே என்பதற்காகச் சொன்ன வார்த்தை அது. அந்த வார்த்தையைத் தானே நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாலும், எதிரில் நின்று அதை வாங்கிக்கொள்வது எப்படி இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. சுருக்கென்று இருந்தது. சாயத்தைச் சரி செய்து, கழுத்துக்கு ஒத்தடம் கொடுத்து, ஆட்டோ வரைக்கும் கைப்பிடித்துக் கூட்டிப் போய் விட்டுவிட்டு, கடைக் கதவைச் சாத்தினாள். தங்கைக்குப் போன் போட்டாள்.

"இத திருப்பிக் குடுக்கணும்டி. எப்படிக் குடுக்கறது?"

 தங்கை, "நீதான பேசற?" என்று கேட்டாள்.

சொன்னதற்கு மாறான பொருள் வந்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஏலக் கம்பெனியின் விதியிலேயே இருந்தது. குறித்த நாளைக்குள் புகார் எழுத வேண்டும், அவ்வளவுதான். தங்கை வரும்வரை காத்திருக்காமல் இவளே உட்கார்ந்து எழுதி அனுப்பிவிட்டாள்.

"ஐயா, வணக்கம். நாற்காலி பத்திரமாக வந்து சேர்ந்தது. மிக்க நன்றி. கொண்டுவந்தவர்கள் மிகவும் பொறுப்பாக நடந்துகொண்டார்கள். நாற்காலி நல்ல கனமாகவும் உறுதியாகவும் இருக்கிறது. என் கணவருக்கும் மிகவும் பிடித்திருக்கிறது. பல் மருத்துவருடையதாக இருக்குமோ என்று ஒரு சின்னச் சந்தேகம். உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால் பார்க்கவும்."

பதில் உடனே வந்தது. "உங்கள் மனமார்ந்த பாராட்டுக்கு நன்றி! இதை விற்பவரின் பக்கத்தில் வெளியிட்டிருக்கிறோம்." போய்ப் பார்த்தால், அந்த ஆளுடைய பக்கத்தில் எல்லாவற்றுக்கும் மேலே, நட்சத்திரங்கள் மின்ன, இவள் கடிதம். அதைப் படித்துவிட்டு இன்னும் இரண்டு பேர் அவரிடம் சாமான் வாங்கியிருந்தார்கள்.

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "புகார் எழுதச் சொன்னா நற்சான்று குடுத்திருக்கியே!" அடுத்த புகாரைத் தானே சொல்லச் சொல்ல எழுத வைத்தாள். அவள் "ஏமாற்றிவிட்டார்" என்று சொன்னால் இவள் "கவனிக்காமல் விட்டிருக்கலாம்" என்று எழுதினாள். "உடனடியாக" என்றால் "முடிந்தபோது" என்று எழுதினாள். கடைசியில் தங்கை போனைப் பிடுங்கி, அக்காவை அடுப்படிக்கு அனுப்பிவிட்டுத் தானே எழுதி முடித்தாள். அதில் நன்றி என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை.

விற்றவரிடமிருந்து பதில் வந்தது. "நாற்காலி என்று போட்டேன், நாற்காலி அனுப்பினேன். சாயும் என்றேன், சாய்கிறது. ஏறும் என்றேன், ஏறுகிறது. வாங்கியவருக்கு மனசு மாறிவிட்டது. அதற்கு நான் பொறுப்பில்லை. மேலும், அவரே பாராட்டி எழுதியிருக்கிறார்."

இரண்டு பக்கத்தையும் கேட்டு முடிவு செய்ய ஏலக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். கடையில் அப்போது ஆள் இல்லை. தங்கை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்து பக்கத்திலேயே நின்றாள்.

"மேடம், இந்த அழைப்பு பதிவாகுது. உங்களுக்கு வந்த பொருள் விவரத்துல சொன்ன மாதிரி இருக்கா, இல்லையா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க."

"ஓரளவுக்கு…"

"ஆமாவா, இல்லையா மேடம்?"

"அவர் பக்கமும் பார்க்கணும் இல்லீங்களா. சாயத்தான் செய்யுது…"

தங்கை மூக்கு விடைக்க முறைத்தாள். இவள் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். டீச்சரம்மாவுடைய ஊதாத் தலை நினைவுக்கு வந்தது.

"இல்லைங்க" என்றாள்.

"நன்றி மேடம். அதைப் பயன்படுத்தினீங்களா?"

சொல்லாதே என்று தங்கை கையை ஆட்டினாள். இவளுக்குப் பொய் வராது. "ஆமாங்க. கொஞ்ச நாள் எல்லாரையும் அதுல உட்கார வச்சேன். உட்கார்ந்தவங்க எல்லாரும் வாயத் திறந்தாங்க."

எதிர்ப்பக்கம் ஒரு சத்தம் கேட்டது. இருமலாக இருக்கலாம். "என்ன மேடம்?"

"முடி வெட்டிக்க வந்தவங்கதான். சாய்ச்ச உடனே வாயத் திறந்துடறாங்க. நான் என்ன பண்றது? ஒரு டீச்சர் மேல போய் மாட்டிக்கிட்டாங்க. என் வீட்டுக்காரர் லிஃப்டு மெக்கானிக், அவர் வந்துதான் இறக்கினார்."

அந்தப் பெண் சிரித்தேவிட்டாள். பதிவாகிறது என்பது நினைவுக்கு வந்து சமாளித்துக்கொண்டு, "இதையெல்லாம் காட்டற மாதிரி போட்டோ அனுப்ப முடியுமா மேடம்?" என்று கேட்டாள்.

போட்டோவுக்கு டீச்சரம்மாவே முன்வந்தார். "நான் உட்கார்றேன். ஆனா ஏத்தி மட்டும் விட்டுடாத." விளக்கு ஒரு பக்கம் எரிய, சாய்ந்து படுத்து, எத்தனையோ வருடம் வகுப்பை அடக்கிய அந்த அம்மாள் வாயை ஆவென்று திறந்து காட்டினார். கணவர் எடுத்தார். எடுக்கும்போதுதான் தங்கை கேட்டாள், "மாமா, இந்தப் பக்கம் ஒரு பீங்கான் தொட்டி இருந்துதே, எங்க?"

கணவர் காது சிவக்க நின்றார்.

"அது… பால்கனியில வச்சிருக்கேன்மா. குருவிங்க தண்ணி குடிக்கும்னு."

"மாமா! எப்படி வந்துச்சோ அப்படியே திருப்பிக் குடுக்கணும்!"

அவர் வீட்டுக்குப் போய்த் தொட்டியைக் கழுவிக் கொண்டுவந்து பூட்டினார். ஒரு குருவி நடுக் குளியலில் இருந்ததாகவும், அது பறந்து போகும்வரை காத்திருக்க வேண்டியிருந்ததாகவும் தாமதத்துக்குக் காரணம் சொன்னார்.

போட்டோக்கள் போன மறுநாள், விற்றவர் நேராக இவள் எண்ணுக்கே கூப்பிட்டார். பருத்த மீசையோடு ஒரு முரட்டு ஆளை இவள் மனதில் வைத்திருந்தாள். வந்தது இளம் குரல்.

"மேடம், நமக்குள்ள பேசி முடிச்சுக்கலாமே. புகார வாபஸ் வாங்கிடுங்க. பாதிப் பணம் தந்துடறேன். நாற்காலியும் நீங்களே வச்சுக்கோங்க."

பழைய பரவால்லக்காவாக இருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். பாதிப் பணம், குழையும் குரல், யாருக்கும் மனக்கசப்பு இல்லை. அவள் வாய் பாதி திறந்தும்விட்டது. அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நான் சொல்றத கேளுங்க மேடம். விளக்கையும் தொட்டியையும் துணி போட்டு மூடிட்டு, நல்லா போட்டோ எடுத்து, பார்லர் நாற்காலின்னே வேற யாருக்காவது போட்டுடுங்க. நானும் அப்படித்தான…" என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

இவள் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தாள்.  மறுபடி காதில் வைத்துக்கொண்டாள்.

"தம்பி, எனக்கு ஒருத்தர் தலையில கட்டினத நான் இன்னொருத்தர் தலையில கட்டணுமா? நான் தலைக்கு நல்லது பண்ணித்தான் சோறு திங்கறேன். முடியாது."

"மேடம், கொஞ்சம் யோசிச்சு…"

"யோசிச்சாச்சு தம்பி. முடியாதுங்க. நாற்காலிய எடுத்துக்கோங்க, பணத்த முழுசா குடுங்க. வெயில்ல அலையாம இருங்க, உடம்பப் பார்த்துக்கோங்க. வச்சுடறேன்."

வைத்துவிட்டாள்.  அவளுக்கே சிரிப்பு வந்தது. சாய்ந்து உட்காரலாம் என்று பார்த்தால் அந்தக் கடையில் சாய அந்த நாற்காலிதான் இருந்தது. அதிலேயே சாய்ந்தாள். சாய்ந்தவுடன் அவளுக்கும் வாய் திறந்துகொண்டது.

தீர்ப்பு இவள் பக்கமே வந்தது. விவரத்தில் சொன்னதற்கும் வந்த பொருளுக்கும் சம்பந்தமில்லை. முழுப் பணமும் தர வேண்டும், திருப்பி எடுத்துப் போகிற லாரிச் செலவும் விற்றவருடையதே என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தவறான பாராட்டையும் அவருடைய பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இவளுக்கு அதில்தான் கொஞ்சம் வருத்தம். "அந்த லாரிக்காரங்க நிஜமாவே நல்லவங்கதான. அத மட்டுமாவது விட்டு வச்சிருக்கலாம்."

நாற்காலியை ஏற்றிப் போக அதே லாரிதான் வந்தது. வாசலில் தொப்பிக்காரரைக் கண்டதும் இவளுக்குச் சங்கடமாகிவிட்டது. இறக்கிய பாரத்தை மறுபடி ஏற்றச் சொல்வதா? அவரோ சாதாரணமாகச் சொன்னார். "அட, இதுக்குப் போயா அக்கா? ஏத்தினா ஏத்துக்கூலி, இறக்கினா இறக்குக்கூலி. நீங்க அன்னைக்கே திருப்பி அனுப்பியிருந்தா எங்களுக்கு அன்னைக்கே ரெண்டு கூலி வந்திருக்கும்!"

இத்தனை நாளாக யாருக்காக அவள் கஷ்டப்பட்டாளோ அவரே அப்படிச் சொன்னதைக் கேட்டு, தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தொப்பிக்காரருக்கு அன்று இலவசமாக முடி வெட்டல் நடந்தது, ஸ்டூலில் உட்கார வைத்து. கணவர் மட்டும் லாரி கிளம்பும்வரை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பம்புக்கு எந்தத் திருகாணியை மாற்ற வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி மெத்தைக்கு அடியில் செருகிவிட்டிருந்தார். அது பிறகுதான் தெரிந்தது.

நாற்காலி போய்ச் சேர்ந்ததும் பணம் வந்துவிட்டது. அவள் போனை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்காரரிடம் போய், அவர் வாயாலும் ஒரு தடவை தொகையைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, ஃபர்னிச்சர் கடைக்கு மூவரும் நேரிலேயே போனார்கள். கடைக்காரர் காட்டிய முதல் நாற்காலியில் உட்கார்ந்து, சாய்ந்து, சுழன்று பார்த்தாள். திண்டு கழுத்தில் இடித்தது. கடைக்காரர் எதிர்பார்ப்போடு நின்றார். உள்ளே வேறு நாற்காலி எடுக்கப் போனால் நிறைய சாமானை நகர்த்த வேண்டும் என்பது பார்த்தாலே தெரிந்தது. அவள் முகம் மூன்று விதமாக மாறியது. தங்கை வாயைத் திறக்கப் போனாள். கணவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இது கழுத்துல இடிக்குதுங்க. உள்ள இருக்கறத எடுத்துக் காட்டுங்க" என்றாள். அப்புறம் மனசு கேட்காமல், "நானும் ஒரு கை பிடிக்கறேன்" என்று உள்ளே நுழைந்து, கடைக்காரரோடு சேர்ந்து மேசைகளை நகர்த்தினாள்.

இப்போது அவள் கடையில் இருப்பது கறுப்பு நாற்காலி. தலை சாய்த்தால் தொட்டிக்குச் சரியாக எட்டுகிறது. டீச்சரம்மா முதல் ஆளாக வந்து உட்கார்ந்து, தலை கழுவும்போதே தூங்கிவிட்டார். வங்கிப் பெண்ணும் திரும்பி வந்தாள். அலறிய குழந்தை மட்டும் இன்னும் வாசற்படியைத் தாண்டி வர யோசிக்கிறது.

சில வாரம் கழித்து விற்றவரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. மேடம் போய் அக்கா ஆகியிருந்தது. "அக்கா, அந்த நாற்காலிய மறுபடி ஏலத்துல போட்டேன். இந்தத் தடவ பல் டாக்டர் நாற்காலி, பம்பு ரிப்பேர்னு உள்ளத உள்ளபடி எழுதினேன். மெத்தைக்கு அடியில எந்தத் திருகாணி மாத்தணும்னு யாரோ எழுதி வச்சிருந்தாங்க, அதையும் சேர்த்துப் போட்டேன். பல் டாக்டருக்குப் படிக்கற காலேஜ் ஒண்ணு வாங்கிக்கிச்சு. நீங்க குடுத்தத விட நல்லாவே கூடப் போச்சு. சொல்லணும்னு தோணுச்சு."

தங்கைக்குப் பொறுக்கவில்லை. "நம்மள அலைக்கழிச்சவன் லாபம் பார்த்திருக்கான், நீ என்னக்கா சிரிக்கற?"

"நெசத்த எழுதினதுக்குக் கூடுதலா விலை வந்திருக்கு. நல்ல விஷயம்தான? அந்தப் புள்ளைங்களுக்கும் படிக்க ஒரு நாற்காலி ஆச்சு" என்று சொல்லி, "ரொம்ப சந்தோஷம் தம்பி" என்று பதில் அடித்தாள். கணவருக்கும் காட்டினாள். திருகாணி பற்றிய இடத்தை அவர் திரும்பத் திரும்பப் படித்தார். கடை வாசலில் இரண்டு பேர் முடி வெட்டிக்கொள்ளக் காத்திருந்தார்கள். அவள் போனை மேசை மேல் வைத்துவிட்டுச் சீப்பை எடுத்தாள்.